யாரும் இருக்க மாட்டாங்க

டிசம்பர் 6, சனி

நான் மெக்கானிக்காக இருக்கும் கார் கடைக்கு ஆயில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி இது. பிரிக்காமலே கிடந்தது. "எனக்கெதுக்குடா, நீ எடுத்துக்க லோகு" என்றார் கடை முதலாளி சீலண்ணன். வருஷம் முடியப்போகிறது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

இன்று நித்திலனின் வெள்ளைக் கார். அவன் அப்பாவுக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரி இரண்டு. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், இருபத்தைந்து இருக்கும். "வண்டி ஊமையாட்ட இருக்குதுங்ணா, பேச வைங்க" என்று சீலண்ணனிடம் சொன்னான். சாவியை என் பக்கம் நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

கம்பெனி கொடுக்கும் ஏர் ஃபில்டர் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம் வெளியே வராமல் அடக்குவது அந்தப் பெட்டிதான். அதற்கென்றே குறுகலான மூக்கு, உள்ளே அறைகள். அதைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரித் திறந்த ஃபில்டரும் வழவழப்பான அலுமினியக் குழாயும் மாட்டினேன். மெதுவாகப் போனால் வித்தியாசம் தெரியாது. எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு மேல் போக மிதித்தால் பெரிய ஆள் ஒருவன் மார் விரிய மூச்சை இழுப்பது மாதிரி கேட்கும். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வண்டி என்பதால், மிதியிலிருந்து காலை எடுத்ததும் உள்ளே அடைபட்ட காற்று திரும்பி வரும். த்சு, த்சு, த்சு. உச்சுக் கொட்டுவது போல.

வேகம் கூடும் என்று நம்பித்தான் வருகிறார்கள். பெரிதாக ஒன்றும் கூடாது. கூடுவது சத்தம். ரோட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து எல்லாரும் திரும்பிப் பார்க்கிற குடும்பத்தில் இருப்பவனுக்கு அதுவும் போதவில்லை.

கழற்றிய பெட்டியில் வண்டி எண்ணையும் தேதியையும் மார்க்கரில் எழுதிப் பரணில் போட்டேன். விற்கும்போதோ, கம்பெனி சர்வீசுக்குப் போகும்போதோ கேட்பார்கள்.

எங்கே ஓட்டினால் இந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும் என்று நித்திலன் கேட்டான். ஓர் இடம் சொன்னேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

சத்தம் மாற்றிய வண்டியை ஒரு தரம் வெளியே நின்று கேட்பது எங்கள் கடைப் பழக்கம். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு முழுச் சத்தமும் தெரியாது. காலை ஐந்தரைக்கு மூடிய பஞ்சாலையின் சுவரோரம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு மில் சுவர், எதிரே மேம்பாலத்தின் கான்கிரீட் சுவர். போன சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். நித்திலன் மூன்று தடவை போய் வந்தான். இறங்கி வந்து தன் வண்டிக்கே முத்தம் கொடுத்தான்.

வீடியோவைக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டோம். சாயங்காலத்துக்குள் பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போகப்போகிறானாம்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

ஜனவரி 1, வியாழன்

வருஷப் பிறப்பு. கடை லீவு. அம்மாவுக்கு லீவு இல்லை. காண்ட்ராக்ட்டில் ரோடு கூட்டுகிறவர்களுக்கு ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை.

சோறு போட்டுக்கொண்டே ஏதோ சொன்னாள். மேஸ்திரி, இடம் மாத்தம், மில்லு என்று என்னவோ. நான் ஹெட்ஃபோனில் வீடியோ வெட்டிக்கொண்டிருந்தேன். 'ம்' என்றேன்.

ஜனவரி 4, ஞாயிறு

நாகுக்கா செத்துப்போனாள்.

ஜனவரி 5, திங்கள்

அடக்கம் முடிந்தது. நாகுக்கா அம்மாவோடு பதினாறு வருஷம் சேர்ந்து கூட்டியவள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தள்ளுவண்டி. இரண்டு பேருக்கும் சேர்த்து, வெளிச்சம் பட்டால் மினுக்கும் கோட்டு ஒன்று. ஆளுக்கொன்று கேட்டார்கள், காண்ட்ராக்டர் 'அடுத்த மாசம்' என்றான், அது நாலு வருஷத்துக்கு முன்னால். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். நேற்று அம்மாவின் முறை.

அம்மா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பனி. எதுர ஒண்ணும் தெரியல. மொதல்ல அந்தச் சத்தந்தான் வந்துச்சு. யாரோ பெரிய ஆளு மூச்ச இழுக்கறாப்புல. நான் திரும்பறதுக்குள்ள டம்முன்னு அடிச்சுருச்சு. தள்ளுவண்டியோட நாகுவும் போயி செவுத்துல மோதுனா. அப்பறம் உச்சுக் கொட்டுச்சு."

"எது அக்கா உச்சுக் கொட்டுச்சு?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"அந்தக் காருதான். அடிச்சுப்போட்டு த்சு த்சுன்னு உச்சுக் கொட்டுச்சு. அப்பறம் சத்தமே இல்ல. நின்னுட்டான். பனிக்குள்ள செவப்பு லைட்டு மட்டும் மங்கலாத் தெரியுது. 'சாமி, வாங்க சாமி, ஒரு கை புடிங்க'ன்னு கத்துனேன். எட்டுப் பத்துத் தடவ கத்தியிருப்பேன். அப்பறம் மறுபடியும் மூச்ச இழுத்துச்சு. போயிருச்சு."

எல்லாரும் 'பாவி' என்றார்கள். அம்மாவுக்குத் தெரியாது, அவள் சொன்னது ஒரு காலின் கதை. மிதித்தான். இடித்ததும் காலை எடுத்தான். நின்றான். நாகுக்காவுக்கு அப்போது உயிர் இருந்தது, அம்மா கத்துவது அவனுக்குக் கேட்டது. பிறகு மூவாயிரம் சுற்றுக்கு மேல் போகிற மாதிரி மிதித்தான்.

இப்படிச் சத்தம் போடும் வண்டி இந்த ஊரில் குறைந்தது நாலு இருக்கும். அப்படித்தான் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 6, செவ்வாய்

நாலு இல்லை.

கடைக்குப் போனபோது பின்பக்க ஷெட்டில் வெள்ளைக் கார் மூடிக் கிடந்தது. இடது கண்ணாடி புதுசு. பம்பரும் புதுசு. வேறு எங்கோ மாற்றியிருக்கிறார்கள்.

"மாடு குறுக்கால வந்துருச்சாமா" என்றார் சீலண்ணன். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பழைய பெட்டிய எடுத்து மாட்டிரு. குழாயையும் ஃபில்டரையும் பழைய இரும்புல போட்டுரு."

பரணில் ஏறினேன். பெட்டியின் மூக்குக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. விரல் தடிமனில் மூன்று அறைகள், நன்றாகக் காய்ந்து கெட்டிப்பட்டு.

"ஏர் புடிச்சு ஊதிட்டு மாட்டுடா."

"சரிங்ணா."

ஏர் ஹோஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊத மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் சீலண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். "வேலை நோட்டுல மாட்டுனதும் உன்ற கையெழுத்து, கழட்டுனதும் உன்ற கையெழுத்து. வாயத் தொறந்தா மொதல்ல உள்ள போறது நீதான், நெனப்பு வெச்சுக்க." அப்புறம் குரல் இறங்கியது. "கூட்டற பொம்பளையாமா. பாவந்தான். உங்கம்மா கார்ப்பரேஷன் ஆபீஸ்லதான இருக்காங்க, கேசு பத்தி எதாச்சும் பேச்சு அடிபட்டா சொல்லு."

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் சொன்ன பொய் அது. கார்ப்பரேஷன் ஆபீஸ். ஃபைல் தூக்குகிற வேலை. வேலைக்கு எடுப்பதற்கு முன் 'எந்தப் பக்கம், எந்த ஆளுக' என்று சுற்றிச் சுற்றிக் கேட்டவரிடம் வேறென்ன சொல்ல?

குழாயும் ஃபில்டரும் என் பையில் இருக்கின்றன. பழைய இரும்புக்காரன் இன்று வரவில்லை.

ஜனவரி 7, புதன்

வாசலில் எந்த வண்டி பிரேக் போட்டாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

அம்மாவும் கூட வேலை செய்கிறவர்களும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். "நீயும் வா கண்ணு, பேசறதுக்கு ஒரு ஆளாச்சு" என்றாள். கடையில் அவசர வேலை என்றேன். அப்படி ஒரு வேலையும் இல்லை.

வந்து சொன்னாள். மேம்பாலத்துக் கேமராவில் அந்தப் பத்து நிமிஷத்தில் மூன்று வெள்ளைக் கார்கள். ஒன்றின் நம்பரும் பனியில் தெரியவில்லை. மூன்றும் யாருடையது என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள், மூன்று பேருமே 'நாங்கள் இல்லை' என்கிறார்கள். அம்மா சத்தத்தைப் பற்றிச் சொன்னாளாம். ஏட்டு சிரித்திருக்கிறான். "சத்தத்துக்கு நம்பர் பிளேட் இருக்குதாம்மா?"

"அந்தப் பொம்பள எஸ்.ஐ. மட்டும் சிரிக்கல" என்றாள். "ஸ்டெல்லான்னு பேரு. மறுபடி கேட்டா கண்டுபுடிச்சுருவீங்களாம்மான்னு கேட்டாங்க. செத்தாலும் மறக்காதுங்கன்னு சொன்னேன்."

எழுந்து கை கழுவினேன்.

ஜனவரி 9, வெள்ளி

அந்த மூன்றில் ஒன்று நித்திலனுடையது. அவன் வக்கீலே கேட்டுக்கொண்டாராம். மூன்று வண்டிகளையும் அதே இடத்தில், அதே நேரத்தில் ஓட்டட்டும், அந்தம்மா கேட்டுச் சொல்லட்டும், எங்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்று. எஸ்.ஐ. ஒத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை.

"ஒண்ணும் இல்லடா" என்று சீலண்ணன் கையைத் தேய்த்துக்கொண்டார். "அந்தம்மா தெரியலைன்னு சொல்லும். இல்லாட்டி வேற வண்டியக் காமிக்கும். எப்படியோ முடிஞ்சுது. வண்டிக்காரன் ஓட்டக் கூடாதுன்னு எஸ்.ஐ. சொல்லிருச்சு. நம்ம வண்டிய நீ ஓட்டற."

நான் மாட்டிய பெட்டியை வைத்து என் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கப்போகிறார்கள். ஓட்டப்போவது நான்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "எத்தன மணிக்குங்ணா?" என்றுதான் வந்தது.

ஜனவரி 10, சனி

மத்தியானம் நித்திலன் கடைக்கு வந்தான். நேராக என்னிடம் வந்தான். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவனுக்கும் தூக்கமில்லை போல. எனக்கு இரக்கம் வரவில்லை.

"லோகு ப்ரோ, நாளைக்கு நீங்கதான?"

"ம்."

"அந்த எடம் நீங்க சொன்னதுதான ப்ரோ?" சிரித்தான். உதடு மட்டும். "காலைல அஞ்சரைக்குப் போங்க, யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க. உங்கள நம்பித்தான போனேன். நான் மாட்டிக்கிட்டா இதையும் சொல்ல வேண்டி வரும்."

போய்விட்டான். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ஆமாம். சொன்னேன். டிசம்பர் ஆறாம் தேதிப் பக்கத்தில் 'ஓர் இடம்' என்று எழுதியிருக்கிறேன். அந்த இடம் இதுதான். சொன்ன வார்த்தையும் இதுதான். காலை ஐந்தரைக்கு ரோட்டில் யார் இருப்பார்கள் என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். நாலரைக்கு எழுந்து, ஐந்தேகாலுக்கு மஸ்டர் வருகைப் பதிவில் பேர் கொடுத்து, ஐந்தரைக்கு ரோட்டில் நிற்பவள் வடித்த சோற்றைத் தின்று வளர்ந்தவன்.

சாயங்காலம் அம்மா மினுக்கும் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டாள். நாளைக்குப் போலீஸ் முன்னால் அழுக்காக நிற்கக் கூடாதாம். அதில் இருந்த கறையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சூடா ஒரு காப்பி வெக்கட்டுமா கண்ணு, மூஞ்சியே சரியில்ல" என்றாள். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

பையில் என்னென்ன வைத்தேன் என்று எழுதப்போவதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு, மத்தியானம்

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐந்தரைக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். எஸ்.ஐ., அந்த ஏட்டு, வக்கீல், சீலண்ணன், நித்திலன். மில் சுவரோரம் அம்மா, கூட நாலு பெண்கள். துவைத்த கோட்டைப் போட்டிருந்தாள். நான் காரிலிருந்து இறங்கியபோது என்னைப் பார்த்தாள். கண் விரிந்தது. அப்புறம் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட நின்ற ஒருத்தி "உன்ற..." என்று ஆரம்பித்ததும் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கடைப் பக்கம் வராதே, கடை ஆட்கள் முன்னால் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று போன தீபாவளிக்குச் சொன்னவன் நான். அந்தப் பேச்சை அங்கேயும் காப்பாற்றினாள்.

முதல் வண்டி போனது. "இது இல்லீங்க." இரண்டாவது. "இல்லீங்க."

மூன்றாவது நான். மிதித்தேன். கறுப்புப் பெட்டி தன் வேலையைச் செய்தது. தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நாகுக்கா மோதிய இடத்தில் காலை எடுத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை.

திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "இதுவும் இல்லீங்க மேடம்" என்றாள். அவளுக்கே அவள் காதின் மேல் சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது. "ஆனா நான் கேட்டனுங்க. சத்தியமாக் கேட்டனுங்க."

"எழுதிக்குங்க மேடம், மூணும் இல்லைன்னு" என்றார் வக்கீல்.

ஏட்டு பல்லைக் காட்டினான். "ஏம்மா, ஒருவேள ரயிலா இருக்குமோ?"

அந்தச் சிரிப்பை நித்திலனும் சிரித்தான். வாய்விட்டு இல்லை, மூக்கால். அதுவரைக்கும் பயம் மட்டும்தான் இருந்தது எனக்கு. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தோடே போய் பானெட்டைத் திறந்தேன்.

"மேடம், ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க."

"டேய் லோகு" என்றார் சீலண்ணன். "வேணாண்டா."

எஸ்.ஐ. ஸ்டெல்லா வந்து குனிந்தார். பெட்டியின் மூக்கைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினேன். "குளவிக் கூடுங்க. தெனம் ஓடற வண்டிக்குள்ள இது எப்படிங்க வரும்? இந்தப் பெட்டி ஒரு மாசம் எங்க கடைப் பரண்ல கெடந்துச்சு. தேதி போட்டிருக்கேன், அடியில பாருங்க. அன்னைக்கு இந்த வண்டியில இருந்தது வேற."

"வேறன்னா?"

பையைத் திறந்தேன். குழாயையும் கூம்பையும் எடுத்தேன். வக்கீல் ஏதேதோ கத்தினார். நித்திலன் கார் சாவியைப் பிடுங்கப் பாய்ந்தான். எஸ்.ஐ. குறுக்கே கை நீட்டினார். "யாரும் கிட்ட வராதீங்க. ஏட்டய்யா, வீடியோ எடுங்க. நீ மாட்டுப்பா."

பதினைந்து நிமிஷ வேலை. கை வழுக்கி வழுக்கி அரைமணி ஆனது. கிளிப்பை முறுக்கும்போது அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருப்பது தலையைத் தூக்காமலே தெரிந்தது.

அப்புறம் ஓட்டினேன். மூவாயிரம். வண்டி மூச்சை இழுத்தது. சுவர் அதை இரண்டாக்கித் திருப்பிக் கொடுத்தது. நாகுக்காவின் இடத்தில் காலை எடுத்தேன். த்சு, த்சு, த்சு.

நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. எஸ்.ஐ. ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"இதுதாங்க" என்று அம்மா சொன்னாள். காரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தம்மா உனக்கு யாருப்பா?" என்றார் எஸ்.ஐ.

"எங்கம்மாங்க." சீலண்ணனுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன். "ரோடு கூட்டறாங்க."

ஜனவரி 11, சாயங்காலம்

நித்திலனை வைத்துக்கொண்டார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். பெட்டியை மாற்றியதற்கு என் மேலும் கேஸ் வரலாம் என்று எஸ்.ஐ. ஒளிக்காமல் சொன்னார். சீலண்ணன் ஃபோன் போட்டு, கடைப் பக்கம் காலை வைத்தால் வெட்டுவேன் என்றார். வாசல் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டினேன். பவுண்டரி ஆட்கள் எப்போது வருவார்களோ தெரியாது.

இதற்கெல்லாம்கூட இவ்வளவு பயப்படவில்லை. அம்மா கேட்கப்போகிற ஒரு கேள்விக்குத்தான் ஏழு நாளாகப் பயந்தேன். ஸ்டேஷனில் யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல்.

"ஊருல இத்தன ரோடு இருக்குது. அந்தப் பையன் எதுக்கு அந்த ரோட்டுக்கு வந்தான்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"நாந்தாம்மா சொன்னேன். அங்க சத்தம் நல்லாக் கேக்கும்னு. அந்த நேரத்துல யாரும் இருக்க மாட்டாங்கன்னு."

அரிசியில் இருந்த கை நின்றது.

"யாரும்னா?"

அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"மொதத் தேதி சொன்னனே. மேஸ்திரி எங்கள மில்லு ரோட்டுக்கு மாத்திட்டான்னு. சோறு போடும்போது. நீ 'ம்'னு சொன்ன."

"காதுல விழலம்மா."

அவள் அரிசியை உலையில் போட்டாள். எனக்கும் சேர்த்துத்தான் போட்டாள், அளவைப் பார்த்தேன்.

ஜனவரி 12, திங்கள்

நாலரைக்கு எழுந்தாள். விழித்துத்தான் கிடந்தேன். புதுத் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் திறந்து, என்னை எழுப்பாமல் போனாள்.

கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். நேற்றும் அவள்தான் போட்டிருந்தாள். முறை மாற்றிக்கொள்ள ஆள் இல்லை.